காட்டுப் பறவைகளைப் படமெடுத்தல்

ஆலங்காயத்தை அடுத்து ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியுடைய தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. மங்கிய விண்மீனைப் படமெடுப்போர் அதன் துணையால் பல நிமிடங்கள் ஒளியைச் சேர்க்கலாம். அம்மலையடிவாரத்துப் பறவையைப் படமெடுக்கப் புகுவோர்க்கோ அவ்வாய்ப்பு இல்லை. கிளையில் அமர்ந்த பறவைக்கு 1/500 நொடியும், பறக்கும் பறவைக்கு 1/2000 நொடியுமே ஏற்ற கால அளவாம். அச்சிறு காலத்துள் வேண்டும் அளவு ஒளியைப் பெறுதலே இக்கலையின் முதற்படி.

காமிராவிலுள்ள ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே கொண்டு கணக்கிடும். கொக்கு வெளிது, கரிச்சான் கரிது என்னும் வேற்றுமையை அஃது அறியாது. இருண்ட புதரின் முன் சிறிதாய்த் தோன்றும் வெண்கொக்கை எடுக்குங்கால், இருளையே பெரிதும் கண்டு ஒளியை மிகுதியாய் விட்டுவிடும். இறகுகள் யாவும் வெறுந்தாள் போலாகும். ஆண்டு ஒளியை ஒரு ஸ்டாப் குறைத்தல், அஃதாவது பாதியாக்குதல், வேண்டும். வெளுத்த வானத்தின் முன் கம்பியில் அமர்ந்த கரிச்சானுக்கோ ஒரு ஸ்டாப் கூட்டுதல் வேண்டும். இன்றேல் பறவை வெறும் நிழலாய் நிற்கும். முற்றும் வெளுத்துப்போன இறகின் வரிகளைப் பின்னர் மீட்டல் இயலாது. இருண்ட படத்தைப் பின்னர் வெளிச்சமாக்கலாம். ஆயின் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் அதில் தோன்றும்.

இயற்கையியலறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய அவர், 1970-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். நிறத்தின் உதவியின்றி, ஒளியும் நிழலும் கொண்டே உயிர்களின் வடிவைக் காட்டலாம் என்பதற்கு அவர் படங்களே சான்று.

இனி, எடுத்த படத்தின் ஓரங்களைக் கத்தரித்தலைப் பற்றிக் கூறுவாம். 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளையுடைய படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கினால் எஞ்சுவன 60 லட்சமே. எனினும், அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் 10 அங்குல நீளப் படம் அச்சிட அவை போதும். ஆனால் ஒளி குறைந்த படத்தைக் கத்தரித்துப் பெரிதாக்கினால் மேற்கூறிய மணற்புள்ளிகளும் உடன் பெரிதாகும். ஆதலின் செவ்விய ஒளியே கத்தரித்தற்கு அடிப்படை. பறவை நோக்கும் திசையில் இடம் சற்று மிகுதியாய் விடுக. வாலையும் கால்விரல்களையும் வெட்டற்க. அமர்ந்த கிளையையும் உடன் காட்டினால் அதன் வாழிடம் விளங்கும்.

இவற்றை அறிவதால் வரும் பயன் யாதெனில், பறவையை நெருங்கவேண்டிய தேவை குறைகின்றது. படம் பெரிதாக வேண்டும் என்னும் ஆசையால் கூட்டை அணுகி, மறைத்து நிற்கும் இலைகளை விலக்குவோர் உளர். தாய்ப்பறவை அஞ்சி அகன்றால் முட்டைகள் வெயிலில் கெடும்; காகமும் கூட்டைக் கண்டுகொள்ளும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைத்தலை 'வேட்டை' என்னும் சொல்லுள்ளேயே அடக்கியுள்ளது. துப்பாக்கி ஏந்தாதவனும் வேட்டையாடியவன் ஆகலாம் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! காலை இளவெயிலில், ஞாயிறு முதுகுப்புறம் இருக்க, வயலில் மேயும் கொக்கொன்றைத் தொலைவிலிருந்தே மூன்று வேறு ஒளியளவில் எடுத்துப் பாருங்கள். அவற்றை ஒரே அளவாகக் கத்தரித்து ஒப்பிடுங்கள். இறகின் வரிகள் எதில் தெளிவாயுள்ளனவோ அதுவே ஏற்ற ஒளியளவு. நீங்கள் திரும்பும்போதும் அக்கொக்கு அஞ்சாது மேய்ந்துகொண்டிருக்குமாயின், நீங்கள் நின்ற தொலைவும் ஏற்றதேயாம்.