வடநாட்டு வெயிலும் குளிரும் பக்கவாத நோயாளியும்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் உடல் பெரும்பாலும் ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள்ளேயே பழகியிருக்கும். நம் ஊர்ச் சமவெளிகளில் மார்கழிப் பனி என்று நாம் போர்த்துக்கொள்ளும் காலையிலும் வெப்பமானி ஏறக்குறைய 20 டிகிரியைக் காட்டும். டில்லியின் நிலை வேறு. 2021-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் அங்குள்ள சப்தர்ஜங் நிலையத்தில் 1.1 டிகிரி பதிவாயிற்று. அதே நிலையம் 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் 46.8 டிகிரியைக் கண்டது. ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் வெப்பம் 51 டிகிரியைத் தொட்டது.

உத்தியோகத்தின் பொருட்டு வந்த நாம் காலப்போக்கில் இந்தப் பருவங்களுக்குப் பழகிவிடுகிறோம். ஆனால், பக்கவாதம் கண்ட தந்தையையோ தாயையோ ஊரிலிருந்து அழைத்துவந்து நம்முடன் வைத்துக்கொள்ளும்போது, அவர்களும் நம்மைப் போலவே பழகிவிடுவார்கள் என்று எண்ணுவது தகாது. அதற்குரிய காரணத்தை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ, குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. மூளையின் இடப்பாதி பழுதுபட்டால் உடலின் வலப்பக்கமும், வலப்பாதி பழுதுபட்டால் இடப்பக்கமும் செயலிழக்கும். பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பாதியே. ஆதலால், வலக்கை விழுந்தவர்களில் பலர்க்கு வாய்ச்சொல்லும் தடைப்படுகிறது.

நல்ல உடல் தன் வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டிக் காத்துக்கொள்கிறது. வெயிலில் தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன. வியர்வை சுரந்து, உலர்ந்து, உடலைக் குளிர்விக்கிறது. குளிரில் அக்குழாய்கள் சுருங்குகின்றன. தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. இவை தாமாக நிகழ்பவை. இவற்றோடு நாம் அறிந்து செய்யும் காரியங்களும் உண்டு. தாகம் எடுத்தால் நீர் அருந்துகிறோம். புழுங்கினால் சன்னலைத் திறக்கிறோம். குளிர்ந்தால் போர்வையை இழுத்துக்கொள்கிறோம்.

பக்கவாதம் கண்டவரிடம் இவ்விரு வகைக் காப்பும் குன்றிவிடலாம். பாதித்த பக்கத்தில் சூடும் குளிரும் சரிவரத் தெரிவதில்லை. சிலர்க்கு ஒரு பக்கத்தில் மட்டும் வியர்வை மிகுகிறது. தாகம் எடுத்தாலும் எழுந்து சென்று நீர் மொள்ள இயலாது. மகளை அழைத்துக் கேட்கச் சொல் வாராது. ஆகவே, அவருடைய உடல் உணர வேண்டியதை வீட்டார் உணர்ந்து, அது செய்ய வேண்டியதை வீட்டாரே செய்தாக வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

குளிர்காலம்

வெயிலே கொடியது என்பது நம்மவர் எண்ணம். உலக நாடுகளின் கணக்கோ வேறு கதை சொல்கிறது. 2019-ஆம் ஆண்டில் தகாத வெப்பநிலையோடு தொடர்புடைய பக்கவாத மரணங்கள் ஏறக்குறைய 5,21,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அவற்றுள் சுமார் 4,74,000 குளிரைச் சார்ந்தவை. ஆயினும், வெப்பத்தின் பங்கு ஆண்டுதோறும் வளர்ந்துவருகிறது என்பதையும் அவர்கள் எச்சரிக்கின்றனர்.

குளிரில் தோலின் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயர்கிறது. இரத்தமும் சற்றே தடிக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் கண்டவர்க்கு இவ்விரண்டும் மீண்டும் அந்நோயை வருவிக்கும் வாயில்கள். ஆகவே, மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போதே டாக்டரிடம் சென்று அழுத்தத்தை அளந்து, மருந்தின் அளவு பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாமாகக் கூட்டுவதும் குறைப்பதும் ஆகாது.

குளிர் தசைகளையும் இறுக்குகிறது. கோடையில் ஓரளவு விரிந்த விரல்கள் ஜனவரியில் உள்ளங்கைக்குள் மடங்கிக் கொள்வதைக் கண்டு, நோய் முற்றிவிட்டதென்று சில குடும்பங்கள் மனம் தளர்கின்றன. பெரும்பாலும் அது குளிரினால் வந்த இறுக்கமே. பயிற்சிகளை விடியற்காலையில் செய்யாமல், வெயில் ஏறிய பின்னர் உடலை வெதுவெதுப்பாக்கிச் செய்தால் கை கால்கள் இணங்கிக் கொடுக்கும். சூடேறிய பின்னும் இறுக்கம் தளரவில்லையாயின் டாக்டரிடம் காட்ட வேண்டும். பாதித்த கையும் காலும் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருப்பது இயல்பு. அவற்றுக்கு உறையும் கம்பளியும் முதலில் அணிவித்தல் வேண்டும்.

மார்கழி விடியலில் தலை முழுகுவது நம் முதியோர் பலரின் நெடுநாள் வழக்கம். ஊரில் அது உடலுக்கு இதமாயிருந்திருக்கலாம். டில்லியிலும் கான்பூரிலும் அந்த மாதமே குளிரின் உச்சம். குழாய்த் தண்ணீர் உடலில் பட்ட மாத்திரத்தில் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வழக்கத்தை விடச் சொன்னால் பெரியவர் மனம் நோகலாம். நீராடும் நேரத்தைப் பகல் பதினொரு மணிக்கு மாற்றி, வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்தினால் வழக்கமும் நிற்கும், உயிரும் காக்கப்படும்.

சூடு தருவதிலும் ஆபத்து உண்டு. உணர்வற்ற காலின் மீது வைத்த வெந்நீர்ப் பை தோலைச் சுட்டுப் புண்ணாக்கிய பின்னும் அவருக்குத் தெரியாது. நீரின் சூட்டை வீட்டார் தம் முழங்கையால் பார்த்தல் வேண்டும். வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்துப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவரைப் படுக்கவைக்கும்போது எடுத்துவிடுவதே முறை.

வடநாட்டு வீடுகளில் அங்கீட்டி என்னும் கரியடுப்பை அறைக்குள் மூட்டிக் கதவைச் சாத்தும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கெய்சரும் அவ்வாறே. எழுந்து கதவைத் திறக்க இயலாதவர் இருக்கும் அறையில் இவற்றுக்கு இடமே கூடாது. 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரி இருத்தல் நலம் என்கிறது. சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டிவைத்தால் இதனை எவரும் கண்காணிக்கலாம்.

கோடைக்காலம்

வியர்வையாய் நீர் வெளியேற, இரத்தம் தடிக்கிறது. தோலின் குழாய்கள் விரிவதால் இரத்த அழுத்தம் தாழ்கிறது. அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உண்பவர்க்கு இவ்விரண்டும் இன்னும் மிகும். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றி விழுவதும், சோர்ந்து உறங்கிக் கொண்டே இருப்பதும், சிறுநீர் குறைந்து நிறம் அடர்வதும் அதன் அறிகுறிகள்.

தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், பக்கவாதம் கண்டவர்களில் பலர்க்கு விழுங்குவதில் தடை உண்டு. நீர்மோரும் தண்ணீரும் மெல்லியவை ஆகையால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிச் சளிச்சுரத்தை உண்டாக்கக்கூடும். பருகும்போது இருமுகிறவர்க்கு எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டறிந்து, அந்த அளவில் கஞ்சியாகவோ கூழாகவோ கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறிது சிறிதாக, மணிக்கொருமுறை கொடுப்பது நன்று. இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையவர்க்கு நீரின் அளவையும் உப்பின் அளவையும் டாக்டரே குறிக்க வேண்டும்.

மின்விசிறி எப்போதும் உதவும் என்று நம்புகிறோம். அறையின் வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிட்டால் அது அனற்காற்றையே உடலின் மேல் வீசுகிறது. அவ்வேளையில் ஈரத்துணியால் மேனியைத் துடைத்து, அறையை மாற்ற வேண்டும். மொட்டைமாடிக்கு அடுத்த தளத்து அறை பிற்பகலில் அடுப்பாகிவிடும். நோயாளியின் கட்டிலைக் கீழ்த்தளத்திலோ வடக்குப் பார்த்த அறையிலோ போடலாம். தண்ணீரில் இயங்கும் கூலர் மே மாதத்து உலர்ந்த காற்றில் நன்கு வேலை செய்யும். ஜூலையில் மழை வந்து காற்றில் ஈரம் ஏறியபின் அதனால் பயன் குறைவு. வெப்பமானி குறைவாகக் காட்டும் அந்நாட்களிலும் வியர்வை உலராமல் உடல் தவிக்கும்.

பள்ளி விடுமுறையில் ஊருக்குப் புறப்படுவது நம் குடும்பங்களின் ஆண்டு வழக்கம். டில்லியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். வழியிலுள்ள நாக்பூரும் விஜயவாடாவும் மே மாதத்தில் கடும் வெயிலுக்குப் பேர்போனவை. நோயாளியோடு செல்வோர் கூடுமானால் பயணத்தை மார்ச் மாதத்துக்கோ மழைக்குப் பிந்திய நாட்களுக்கோ ஒதுக்கலாம். இயலாவிடில் குளிர்பதனப் பெட்டியே ஏற்றது. கழிப்பறைக்குச் செல்லும் சிரமத்துக்கு அஞ்சி முதியோர் பலர் ரயிலில் நீர் அருந்தாமலே இருந்துவிடுவர் என்பதை மறத்தல் கூடாது.

பகல் நேரக் காவல்

கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பகல் முழுதும் நோயாளியின் துணை, கூலிக்கு அமர்த்திய பணியாளரே. அவருக்குத் தமிழ் தெரியாது. பெரியவருக்கு இந்தி தெரியாது. பேச்சும் தடைப்பட்டபின் இருவருக்கும் இடையே பாலமே இல்லை. அவர் முனகுவது தாகத்தாலா, புழுக்கத்தாலா, வலியாலா என்பதை அறியாமல் பணியாளர் திகைப்பார். தண்ணீர்க் குவளை, விசிறி, போர்வை, கழிப்பறை, வலி என்று ஐந்து படங்களை ஓர் அட்டையில் ஒட்டிக் கட்டிலருகே வைத்தால், நல்ல கையின் ஒரு விரலால் சுட்டிக் காட்டலாம். பருகிய வேளைகளைப் பணியாளர் குறித்துவைக்க ஒரு தாளும் வேண்டும். மாலையில் வீடு திரும்புவோர் அத்தாளைப் பார்த்தால் அன்றைய பகல் எப்படிக் கழிந்தது என்பது விளங்கிவிடும்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை புதிதாகத் தோன்றினாலும், பழைய பலவீனம் திடீரென்று மிகுந்தாலும் காலம் தாழ்த்தாது 112 அல்லது 108 எண்ணை அழைக்க வேண்டும். வெயிலின் களைப்பு என்று படுக்கவைத்துக் காத்திருத்தல் கூடாது. கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டியது. அறிவு தடுமாறி, உடல் 40 டிகிரிக்கு மேல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வருமுன்பே நீர் தெளித்து, விசிறிக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். இவ்விரு நிலையிலும் வாயில் எதையும் ஊற்றுதல் ஆகாது.

ஆமதாபாத் நகரம் 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெப்ப அலையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. 2013-இல் அந்நகரம் முன்னெச்சரிக்கைத் திட்டமொன்றை வகுத்துக்கொண்டது. பின்னர்ப் பல நகரங்கள் அதனைப் பின்பற்றின. வானிலைத் துறையின் எச்சரிக்கை இன்று நாள்தோறும் நம் கைக்கு வருகிறது. ஆனால், அந்த எச்சரிக்கை கட்டிலில் கிடப்பவரின் காதுக்கு எட்டினாலும் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதனைக் கேட்டு அறையை மாற்றுவதும், குவளையை நீட்டுவதும், போர்வையை இழுத்துவிடுவதும் மக்களாகிய நம் கடமை.