டோவி ஜான்சன் ரவுண்ட்ரீ

டோவி ஜான்சன் ரவுண்ட்ரீ (ஏப்ரல் 17, 1914 – மே 21, 2018) என்பவர் அமெரிக்க முன்னாள் படை அதிகாரியும் வழக்கறிஞரும் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது தரைப்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றிய இவர், பின்னர் சட்டம் பயின்று வாஷிங்டன் நகரில் இரு வழக்கறிஞர் நிறுவனங்களைப் பிறருடன் சேர்ந்து தொடங்கினார். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்கார வைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்ற 1955 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இவர் நடத்திய வழக்கில் வந்தது.

இளமை

வட கரோலினாவின் சார்லட் நகரில் பிறந்தார். 1919 இல் தந்தை இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் இறந்தபின் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். சிறுமியாக இருந்தபோது டிராம் வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னிருந்த இருக்கையில் அமர்ந்ததற்காக அதட்டப்பட்டார். பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு இறங்கி நடந்தே சென்றார். 1938 இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் பட்டம் பெற்று, சிறிது காலம் ஆசிரியராக இருந்தார்.

படைப்பணி

1942 இல் மகளிர் துணைப்படை தொடங்கப்பட்டபோது, கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்தூனின் முயற்சியால் முதல் அதிகாரிப் பயிற்சிக் குழுவில் கறுப்பினப் பெண்கள் 40 பேருக்கு இடம் கிடைத்தது. ரவுண்ட்ரீயும் அவர்களுள் ஒருவர். அயோவா மாநிலத்திலிருந்த பயிற்சி முகாமிலும் தங்குமிடமும் உணவு மேசையும் இனவாரியாகவே பிரிக்கப்பட்டிருந்தன. பின்னர் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களைப் படையில் சேர்க்கும் பணிக்கு அனுப்பப்பட்டார். 1943 இல் மயாமியில் சீருடையில் இருந்தபோதே பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார்.

போருக்குப் பின், திரும்பிய படையினரின் படிப்புச் செலவை அரசு ஏற்ற ஜி.ஐ. சட்டத்தின் உதவியுடன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1950 இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் உடன் பயின்ற ஜூலியஸ் ராபர்ட்சனுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்.

சாரா கீஸ் வழக்கு

இந்த நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே வந்த வழக்கு இது. மகளிர் படையைச் சேர்ந்த சாரா கீஸ், 1952 ஆகஸ்டில் நியூ ஜெர்சி முகாமிலிருந்து சீருடையில் வட கரோலினாவிலுள்ள சொந்த ஊருக்குப் பேருந்தில் சென்றார். ரோனோக் ராப்பிட்ஸ் என்ற ஊரில் மாறி வந்த ஓட்டுநர், வெள்ளையரான மரைன் படை வீரர் ஒருவருக்கு இருக்கையை விட்டுப் பின்னால் போகச் சொன்னார். கீஸ் மறுத்தார். மற்ற பயணிகள் வேறு பேருந்துக்கு மாற்றப்பட்டனர். கீஸ் கைதாகி இரவு முழுவதும் சிறையில் இருந்தார், 25 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தனக்கு நேர்ந்ததே ரவுண்ட்ரீயின் முன் வழக்காக வந்து நின்றது.

வாஷிங்டன் நீதிமன்றம், தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று வழக்கைத் தள்ளியது. இருவரும் மாநிலங்களிடை வணிக ஆணையத்திடம் முறையிட்டனர். பயணிகளிடம் பாகுபாடு காட்டுவதைச் சட்டம் தடுத்திருந்தது. ஆனால் வசதிகள் சமமாக இருந்தால் பிரித்து உட்கார வைப்பது பாகுபாடு ஆகாது என்றே ஆணையம் பல பத்தாண்டுகளாகப் பொருள் கொண்டிருந்தது. முதலில் விசாரித்த அதிகாரி, பள்ளிகளைப் பற்றிய 1954 ஆம் ஆண்டு பிரவுன் தீர்ப்பு தனியார் பேருந்துக்குப் பொருந்தாது என்றார். முழு ஆணையம் 1955 நவம்பர் 7 அன்று அதை மாற்றி, பிரித்து உட்கார வைப்பதே பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வெளியான சில நாட்களில், டிசம்பர் 1 அன்று, மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் கைதானார். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பார்க்ஸ் சென்றது நகரப் பேருந்து, கீஸ் தீர்ப்பு அதற்குப் பொருந்தாது. பார்க்ஸை உலகம் அறிந்தது. கீஸின் பெயர் வெகுகாலம் சட்டநூல்களிலேயே கிடந்தது. தீர்ப்பும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஏட்டளவில்தான் இருந்தது. 1961 இல் விடுதலைப் பயணிகள் தாக்கப்பட்ட பிறகே, அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடியின் வலியுறுத்தலால் ஆணையம் கண்டிப்பான விதிகளை வகுத்தது.

பிற்காலம்

ராபர்ட்சன் 1961 இல் இறந்தார். ரவுண்ட்ரீ தனியாகத் தொழிலைத் தொடர்ந்தார். 1965 இல், மேரி பிஞ்சோ மேயர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட கூலித் தொழிலாளி ரேமண்ட் கிரம்ப்புக்காக வாதாடினார். சாட்சி சொன்ன உயரமும் எடையும் சிறிய உடல்வாகு கொண்ட கிரம்ப்புக்குப் பொருந்தவில்லை என்பதையே முதன்மையாக வைத்து விடுதலை பெற்றுத் தந்தார். 1970 இல் மற்றொரு நிறுவனத்தைத் தொடங்கி, பெரும்பாலும் குடும்ப வழக்குகளைக் கவனித்தார். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையில் போதகராகவும் இருந்தார்.

கேட்டி மெக்கேபுடன் இணைந்து எழுதிய தன்வரலாறு 2009 இல் வெளிவந்தது. 104 ஆம் வயதில் சார்லட்டில் காலமானார்.