மூணும் மூணும் சேர்ந்தா காது!

"ஆச்சி, இன்னைக்குக் காது நாளாம்!"

"காத்து நாளா? அப்ப ஜன்னலைத் தொறந்து வைலே!"

வீடே கொல்லென்று சிரித்தது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில், ஒரு மார்ச் 3-ம் தேதி காலையில் நடந்த கூத்து இது.

பேரன் விடவில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் இரண்டு 3 எழுதிக் காட்டினான். "மூணாம் மாசம், மூணாம் தேதி. பாருங்க, ரெண்டு காது மாதிரி இல்ல?"

பையன் சொன்னது வெறும் விளையாட்டில்லை. இந்த உருவ ஒற்றுமைக்காகவே மார்ச் 3-ஐ உலக செவித்திறன் நாளாக வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தேதியை வைத்து விளையாடுவதில் ஜப்பான்காரர்கள் கில்லாடிகள்! அவர்கள் மொழியில் 6-க்கு 'மு', 4-க்கு 'ஷி' என்றும் சொல்லலாம். 'முஷி' என்றால் பூச்சி. சொத்தைப் பல்லுக்குப் பெயர் 'முஷிபா'. விடுவார்களா? 1928-லேயே ஜூன் 4-ஐப் பல் சொத்தைத் தடுப்பு நாளாக்கிவிட்டார்கள். அக்டோபர் 10 கண் பாதுகாப்பு நாள். 10-ஐப் படுக்க வைத்துப் பாருங்கள்... 1 புருவம், 0 கண்!

நமக்கும் இது புதிதல்ல. தமிழ் எண்களில் 8-க்கு 'அ', காலுக்கு 'வ'. 'எட்டேகால்' என்று சொல்லியே 'அவ'லட்சணத்தைக் குத்திக் காட்டிய ஊர் இது.

சரி, ஆச்சியிடம் வருவோம். சிரிப்பு அடங்கியதும் மெல்லச் சொன்னார்: "ரெண்டு வருஷமா நான் கல்யாண வீட்டுக்குப் போகலையே, ஏன்னு யாராச்சும் கேட்டீங்களா? நாலு பேர் பேசினா ஒண்ணும் வெளங்கல. திருப்பிக் கேக்கதுக்கு வெக்கமா இருக்கு."

அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். 'என்ன, என்ன?' என்று அடிக்கடி கேட்பது, டி.வி. சத்தத்தைக் கூட்டுவது, கூட்டத்தில் ஒதுங்கி உட்காருவது... இவையெல்லாம் அறிகுறிகள். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். கேட்காத காது மனிதரைத் தனிமையில் தள்ளும். பிற்காலத்தில் மறதி நோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும்.

இதையும் கவனியுங்கள்:

* பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு எதுவும் காதுக்குள் போகக் கூடாது. குறும்பி பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும்.

* சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றவே கூடாது.

* ஹெட்போன் சத்தம் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

* திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நாள் கடந்தால் கேட்கும் திறனை மீட்பது கஷ்டம்.

ஆச்சிக்குப் பரிசோதனை செய்து, காது மெஷின் வைத்தாகிவிட்டது. முதல் நாள் அவர் சொன்னது: "நம்ம வீட்டு ஃபேன் இவ்வளவு சத்தமாவா போடுது?"

உங்கள் வீட்டு ஆச்சிக்கு மார்ச் 3 வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசிப் பாருங்களேன்!