தாய் கையில் பணம்! பிள்ளைக்குப் பல்வலி!

பல் வலித்தால் சின்னக் குழந்தை அழும். 14 வயதுப் பிள்ளை அழாது. வாயை மூடிக்கொள்ளும்!

முன்பல் கறுத்துவிட்டால், சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும். வாத்தியார் கேள்வி கேட்டால், விடை தெரிந்தாலும் எழுந்து சொல்லாது. இரவில் தூக்கம் இராது. மறுநாள் பள்ளிக்கூடமும் இராது.

இந்தத் துன்பம் ஏழை வீட்டில்தான் அதிகம். அந்த வீட்டுக்குச் சர்க்கார் மாதாமாதம் பணம் கொடுத்தால் பல்வலி தீருமா?

தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாடு பணம் கொடுத்துப் பார்த்தது.

தாய் பெயரில்

2003-ம் ஆண்டு, லூலா ஜனாதிபதியாக இருந்தபோது, "போல்சா பமிலியா" திட்டம் தொடங்கியது. குடும்ப உதவித் தொகை என்று பொருள்.

பணம் பெரும்பாலும் தாயின் பெயரில் வரும். அப்பன் கையில் கொடுத்தால் வீடு வந்து சேருமோ என்ற கவலை அங்கும் உண்டு போலும்!

பணம் சும்மா கிடைக்காது. பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும். தடுப்பூசி போடவேண்டும். கர்ப்பிணிகள் டாக்டரிடம் காட்டவேண்டும்.

2021-ல் திட்டத்தின் பெயர் மாறியது. 2023-ல் பழைய பெயரே திரும்பியது. அப்போது, குடும்பத்துக்குக் குறைந்தது 600 ரெயால் என்று ஆயிற்று. ரெயால் என்பது அந்த நாட்டு நாணயம்.

பல்லைக் காட்டவேண்டும் என்று மட்டும் நிபந்தனை இல்லை!

சர்க்கரை நாடு

உலகிலேயே அதிகமாகச் சர்க்கரை உற்பத்தி செய்யும் நாடு பிரேசில். கையில் காசு இருந்தால் பாலும் பழமும் வாங்கலாம். மிட்டாயும் கலரும் வாங்கலாம்.

வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பல்லை அரிக்கும். நாள் முழுவதும் கொறித்துக்கொண்டே இருந்தால், அரிப்பும் ஓயாது.

உதவி வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொத்தைப் பல் அதிகம் இருந்தால், பணம்தான் கெடுத்தது என்று சொல்லிவிடக்கூடாது. பணம் போவதே பரம ஏழைகளுக்குத்தான். குடை பிடித்தவன் நனைந்திருந்தால், மழைக்குக் குடையா காரணம்?

சிரிக்கும் பிரேசில்

பிரேசிலில் பல் டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால், அவர்கள் பட்டணத்தில் இருந்தார்கள். காசு கொடுத்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஏழைக்குக் கிடைத்த பல் வைத்தியம், பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதுதான்!

2004 மார்ச்சில் இன்னொரு திட்டம் வந்தது. பெயர், "சிரிக்கும் பிரேசில்". அதன்படி, சர்க்கார் சுகாதார நிலையங்களில் பல் டாக்டர்கள் அதிகமானார்கள். பல்லை அடைப்பதும் வேர் வைத்தியமும் இலவசம்.

குடிநீரில் புளோரைடு கலப்பதை அந்த நாடு 1953-லேயே பைஷோ குவாண்டு என்ற ஊரில் தொடங்கியிருந்தது. 1974-ல் அது சட்டமாயிற்று. புளோரைடு கலந்த பற்பசையும் பின்னால் வந்தது.

1986-ல் 12 வயதுப் பிள்ளை ஒன்றுக்கு, சொத்தையால் கெட்ட பல் சராசரி 6-க்கு மேல் இருந்தது. 2010-ல் அது சுமார் 2 ஆகக் குறைந்தது. ஏழைகள் மிகுந்த வடக்கிலும் வடகிழக்கிலும் கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

அமேசான் ஆற்றங்கரையில் பல கிராமங்களுக்கு ரோடே கிடையாது. அங்கே பல் டாக்டர் படகில் போகிறார். வைத்தியம் பார்க்கும் நாற்காலியும் படகிலேயே இருக்கிறது. இடையில் பல் வலித்தால், தாய் கையில் பணம் இருந்தாலும், படகு வரும்வரை காத்திருக்கவேண்டும்.