கசக்கும் சொட்டு மருந்து

கண்ணில் விட்ட மருந்து நாக்கில் கசக்குமா? டார்சோலமைடு, பிரின்சோலமைடு போட்டுக்கொள்பவர்கள் பலருக்குக் கசக்கும். இமையின் மூக்கோர மூலையில் கண்ணீர் வடியும் துளை உண்டு. அதன் வழியே மருந்து தொண்டைக்கு இறங்கிவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இறங்கியது கண்ணுக்குப் பயன்படாமல் போன மருந்து.

இவை க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்கானவை. ரத்த அழுத்தம் வேறு, இது வேறு. விழிக்குள் தெளிந்த நீர் ஒன்று நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வீதம் ஊறி, வடிந்துகொண்டே இருக்கிறது. வடிவது மந்தமானால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு இழை இழையாகச் சாகிறது. நீர் சுரக்கும் திசுவில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து பைகார்பனேட் உண்டாக்குகிறது. பைகார்பனேட்டும் சோடியமும் போகும் பக்கம் தண்ணீரும் போகும். நொதியின் நடுவே ஒரு துத்தநாக அணு. மருந்து அதைப் பற்றிக்கொண்டால் நொதி முடங்கும், சுரப்பு குறையும்.

இந்த நொதியை அரைகுறையாகத் தடுத்தால் பலனில்லை, ஏறக்குறைய முழுக்கத் தடுக்க வேண்டும். 1954 முதல் அசெட்டசோலமைடு மாத்திரைதான் அதைச் செய்தது. விரல்கள் மரத்துப்போகும், பசி போகும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும். கண்ணுக்கு மட்டும் போய்ச் சேரும் சொட்டு மருந்துக்கு 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது; டார்சோலமைடுக்கு அமெரிக்காவில் 1994 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது.

நம் ஊர்க் கதைதான் கவலை தருகிறது. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை க்ளாக்கோமா ஆய்வில், 40 வயது கடந்த நகரவாசிகளில் 3.51 சதவீதம் பேருக்குத் திறந்த கோண வகை நோய் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. வலிக்காத நோய் அல்லவா! மருந்து போட்டாலும் பார்வை தெளிவதாகத் தோன்றாது. அதனாலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். இழந்த பார்வையை எந்தச் சொட்டும் மீட்காது, இருப்பதைத்தான் காக்கும்.

ஒரே ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். கசப்பும் குறையும், மருந்தும் கண்ணிலேயே தங்கும். அடுத்த சொட்டு மருந்துக்கு முன் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். பிரின்சோலமைடு என்றால் குலுக்கிவிட்டுப் போடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிமோலால் என்ற இன்னொரு மருந்து சேர்ந்த கலவை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தாலும், 40 வயதானதும் தயங்காமல் போய்ப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி மாற்றப் போகும்போது பவரோடு நிறுத்தாமல், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது.