சுழி படித்தவர்

இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில், அரச குடும்பத்தின் சேகரிப்பில் ஒரு தாள் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு கிழவர் கன்னத்தில் கை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் முழுக்க நீர். ஓடும் நீரின் நடுவே ஒரு பலகையைச் செருகினால் அதன் பின்னால் நீர் எப்படிப் பிளந்து, மடிந்து, சுருண்டு, மறுபடி கூடிப் போகிறது என்று விதவிதமாக வரைந்திருக்கிறது. கூடவே, வலமிருந்து இடமாக எழுதிய ஒரு குறிப்பு: நீரின் மேற்பரப்பைப் பாருங்கள், தலைமயிரைப் போல அசைகிறது, மயிருக்குப் பாரத்தால் ஒரு போக்கு, சுருட்டையால் இன்னொரு போக்கு, நீருக்கும் அப்படியே இரண்டு போக்குகள் என்பது அதன் சாரம். வரைந்தவர் லியனார்டோ டா வின்சி. காலம் ஏறத்தாழ 1510க்கும் 1513க்கும் இடையில். அறுபது வயதை நெருங்கிய மனிதர், பலகைக்குப் பின்னால் சுழியும் நீரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

மாம்புரிக்காரருக்கு இந்தத் தாள் பெரிய அதிசயமாகத் தோன்றாது. இலங்கையின் கற்பிட்டித் தீபகற்பத்தில் இருக்கும் அந்த ஊருக்கு ஒருபக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் அடிக்கும்போது மணல் நிலத்தை ஒட்டி ஊர்ந்துகொண்டே இருக்கும். பயிரைக் காக்கக் கிடுகு வேலி கட்டினால், அதன் மறைவில் காற்று வேகம் இழந்து, தூக்கி வந்த மணலை இறக்கிவிட்டுப் போகும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சந்து பொந்து இல்லாமல் நெருக்கி அடைத்த வேலியைவிட, காற்றுக் கொஞ்சம் கசிகிற வேலிதான் பயிருக்கு நல்லது. முழுக்க மறித்தால் காற்று வேலியின் தலைக்கு மேலே ஏறி, மறுபக்கம் கவிழ்ந்து, சுழன்று பாத்தியிலேயே விழும். பாதி கசிந்தால் அந்தச் சுழி பலவீனப்படும்; அமைதியான இடம் வேலிக்குப் பின்னால் நீளமாகக் கிடைக்கும். லியனார்டோ பலகையை வைத்து வரைந்தது இதைத்தான். அவர் கையில் எடுத்தது நீர், இங்கே காற்று. இரண்டும் ஒரே விதிகளுக்குக் கட்டுப்பட்டவை என்ற எண்ணம் அவருக்கு உறுதியாக இருந்தது. நீரைப் பார்த்தால் காற்றைப் படிக்கலாம் என்று நம்பினார். நீரின் சுழி கண்ணுக்குத் தெரியும், காற்றின் சுழி தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

நம் பாடப்புத்தகங்கள் லியனார்டோவை அறிமுகப்படுத்தும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. மொனாலிசா ஒரு படம், ஹெலிகொப்டர் மாதிரி ஒரு திருகுப் பொறி ஒரு படம், 'காலத்தை முந்திப் பிறந்த மேதை' என்று ஒரு வரி, அத்தோடு சரி. அந்தத் திருகுப் பொறி பறந்திருக்காது. மனிதத் தசைக்கு அவ்வளவு பாரத்தைத் தூக்கும் வலு இல்லை. திருகு ஒருபக்கம் சுழன்றால் தட்டு மறுபக்கம் சுழலும், அதைத் தடுக்கவும் அதில் வழி இல்லை. அவருடைய உண்மையான அறிவியலைத் தேட வேண்டிய இடம் நீரையும் இதயத்தையும் வரைந்த தாள்கள்.

1452 ஏப்ரல் 15இல் இத்தாலியின் வின்சி ஊருக்கு அருகில், ஒரு நொத்தாரிசுக்கு மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளை. பல்கலைக்கழகம் போகவில்லை, லத்தீன் மொழியைப் பிற்பாடுதான் தானாகக் கற்க முயன்றார். புளோரன்ஸில் வெரோக்கியோவின் பட்டறையில் தொழில் பழகினார். முப்பது வயதளவில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் பாலம், பீரங்கி, கவச வண்டி என்று வரிசையாக அடுக்கிவிட்டு, ஓவியமும் தெரியும் என்று கடைசியில்தான் சேர்த்துக்கொண்டார். இடக்கைக்காரர். கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும் எழுத்து அவருடையது.

1507–08 குளிர்காலத்தில் புளோரன்ஸ் மருத்துவமனை ஒன்றில், நூறு வயதைத் தாண்டியதாகச் சொன்ன ஒரு முதியவர் அமைதியாக இறந்துபோனார். இவ்வளவு இனிய சாவுக்குக் காரணம் என்ன என்று பார்க்க லியனார்டோ அந்த உடலை அறுத்துப் பார்த்தார். இரத்தக் குழாய்கள் தடித்து, உள்வழி ஒடுங்கியிருந்தன. ஆற்றில் மணல் படிந்து வாய் அடைபடுவதைப் பல காலமாகப் பார்த்த கண் அது. குழாய் ஒடுங்கினால் உறுப்புக்கு இரத்தம் போதாது என்று எழுதி வைத்தார்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து மாட்டு இதயத்தை எடுத்துக்கொண்டார். இதயத்திலிருந்து பெருநாடி புறப்படும் வாயிலில் மூன்று மடல் கொண்ட ஒரு வால்வு இருக்கிறது. அதற்குச் சற்று மேலே குழாயின் சுவர் மூன்று இடங்களில் புடைத்து நிற்கும். புடைப்பு எதற்கு? உருகிய மெழுகை ஊற்றி உள்வடிவத்தை அச்செடுப்பது, அதிலிருந்து கண்ணாடியில் ஒரு குழாய் செய்வது, அதில் நீரோடு புல் விதைகளைக் கலந்து ஓடவிட்டுப் பார்ப்பது என்று செய்முறையைக் குறித்தார். நீர் பாய்ந்து போகும்போது அதன் ஓரம் புடைப்புக்குள் திரும்பிச் சுழல்கிறது. அந்தச் சுழிதான் மடலை விரித்து வால்வை மூடத் தொடங்குகிறது என்று வரைந்து விளக்கினார். இரத்தம் பின்னோக்கி விழுந்து கதவை அடிக்கும் வரை வால்வு காத்திருப்பதில்லை. 1968இல் ஆக்ஸ்போர்டில் பெல்ஹவுஸ் என்ற பொறியியலாளர் மாதிரி வால்வுகளைக் கொண்டு ஆராய்ந்தபோது அந்தச் சுழி மெய்யாகவே அங்கே இருந்தது. செயற்கை வால்வு வடிவமைப்பவர்கள் இன்றும் அந்தப் புடைப்பைக் கணக்கில் எடுக்கிறார்கள். இத்தனைக்கும் இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதே லியனார்டோவுக்குத் தெரியாது. அதை ஹார்வி எழுதியது 1628இல்.

பறவை விஷயத்தில் அவர் பாதி சரி, பாதி பிழை. 1505 அளவில் எழுதிய பறவைப் பறப்பு பற்றிய சிறு ஏடு இப்போது டூரின் அரச நூலகத்தில் இருக்கிறது. சிறகடித்துப் பறக்கும் பொறிகளில் இருந்த மோகம் அதில் குறைந்து, சிறகை விரித்தபடி மிதக்கும் பருந்து வகைகள்மேல் கவனம் திரும்பியிருக்கிறது. மாம்புரிக் கரையில் செம்பருந்து காற்றுக்கு முகம் கொடுத்து நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அவருடைய கேள்வி புரியும்: அடிக்காத சிறகு எப்படித் தாங்குகிறது? சிறகுக்குக் கீழே காற்று நெருக்குண்டு மெத்தை போலாகிறது என்று அவர் நினைத்தார். சிறகுக்கு மேலே அழுத்தம் குறைவதுதான் கதையின் பெரும்பகுதி என்பது அவருக்கு எட்டவில்லை. ஓட்டத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துச் சொன்ன பெர்னூலியின் நூல் வந்தது 1738இல். ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொன்னார்: அசையாத காற்றில் பொருள் நகர்ந்தாலும், அசையாத பொருள்மீது காற்று வீசினாலும் விசை ஒன்றுதான். விமானத்தைத் தரையில் கட்டிவைத்து, விசிறியால் காற்றடித்துச் சோதிக்கும் சுரங்கங்களுக்கு அடிப்படை இந்த வாக்கியம்தான்.

2010இல் மாம்புரியில் எழுந்த காற்றாலைகளின் அலகும் ஒரு சிறகே. இலங்கையில் தனியார் துறையின் முதல் காற்றாலைப் பண்ணை அது. எட்டுப் பொறிகள், ஒவ்வொன்றும் 1.25 மெகாவாட், சுழலும் வட்டத்தின் விட்டம் 64 மீற்றர். காற்று அலகைத் தள்ளிச் சுற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். செம்பருந்தைத் தாங்குகிற அதே தூக்குவிசைதான் அலகை இழுத்துச் சுற்றுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆனால் அத்தனையையும் பிடிக்க முடியாது. கிடுகு வேலி சொன்ன பாடம்தான் இங்கேயும்: முழுக்க மறித்தால் காற்றுச் சுற்றிக்கொண்டு போய்விடும். உச்ச எல்லை 59.3 வீதம் என்று ஜெர்மானியரான பெட்ஸ் கணக்கிட்டார்.

லியனார்டோவிடம் இந்தக் கணக்கு இல்லை. வகைநுண்கணிதம் பிறக்க இன்னும் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அது அவர் குற்றமல்ல. அச்சு இயந்திரம் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தன் குறிப்புகளில் எதையும் அச்சிடாமல் விட்டது அவர் குற்றம்தான். ஏழாயிரம் பக்கங்களுக்கு மேல் இன்று எஞ்சியிருக்கின்றன. 1519 மே 2இல் பிரான்ஸின் அம்புவாஸில் அவர் இறந்தபோது எல்லாம் சீடர் மெல்சியிடம் போயின. மெல்சிக்குப் பின் சிதறின. ஓவியம் பற்றிய குறிப்புகளே 1651இல்தான் நூலாயின. உராய்வு, பொருள் தொடும் பரப்பைச் சாராமல் பாரத்தையே சார்கிறது என்று 1490களில் எழுதிவைத்திருந்தார். 1699இல் பிரான்ஸில் அமொந்தோன் அதையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஜி. எம். ஹென்றி நினைவுக்கு வருகிறார். 1891இல் இலங்கையில் பிறந்தவர். கொழும்பு நூதனசாலையில் படம் வரைபவராகச் சேர்ந்து, பூச்சியியல் உதவியாளராகி, 1946 வரை வேலை செய்தவர். பாடம் செய்த தோலைப் பார்த்து வரைவதோடு நில்லாமல், உயிருள்ள பறவையின் நிலையையும் பழக்கத்தையும் படித்தார். எழுத்தும் படமும் தன்னுடையதாகவே இலங்கைப் பறவைகளுக்கு ஒரு கையேடு செய்து 1955இல் வெளியிட்டார். லியனார்டோவோடு ஒப்பிட வேண்டிய ஆளுமை அல்ல. ஆனால் வரைந்ததை அச்சேற்றினார். அதனால் இந்த நாட்டில் இரண்டு மூன்று தலைமுறை அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பறவை பார்த்தது.

லியனார்டோவின் தாள்களில் காற்றுமானி ஒன்றும் உண்டு. தொங்கும் தகடு, காற்றில் எவ்வளவு சாய்கிறது என்று காட்ட வளைந்த அளவுகோல். அது அவர் கண்டுபிடிப்பல்ல. முந்தைய தலைமுறையில் அல்பெர்த்தி எழுதியதுதான். இன்றைய காற்றாலையின் தலையிலும் ஒரு காற்றுமானி இருக்கிறது. காற்றை எதிர்கொண்டு நிற்கும் பொறியில் அலகுகள் முன்னால் சுழல, மானி அவற்றின் முதுகுப் பக்கம் நிற்கிறது. அலகு வெட்டிச் சுழித்துவிட்ட காற்றைத்தான் அது அளக்கிறது. மெய்யான வேகத்தை அறிய அந்த அளவைத் திருத்த வேண்டும். பொறியின் திறனை முறையாகச் சோதிக்க விரும்பினால், சுழி தொடாத காற்றைத் தேடி, சுழல்வட்ட விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு தள்ளி முன்னால் தனிக் கம்பம் நட்டு அளப்பார்கள். மாம்புரியின் அந்த 64 மீற்றர் பொறிக்கு அது 160 மீற்றர்.