பழைய அம்பாசிடருக்கு சவுண்ட் ஷீட் ஒட்டப் போறீங்களா? முதல்ல தகரத்தைப் பாருங்க!

எடப்பாடிக்குச் சத்தம் புதிதில்லை. பல தெருக்களில் காலையிலிருந்து இரவு வரை விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். தறிச் சத்தத்திலேயே தூங்கப் பழகிய ஊர் அது. ஆனால், அப்படிப்பட்ட ஊர்க்காரரே தாத்தா காலத்து அம்பாசிடரை எடுத்துக்கொண்டு பூலாம்பட்டி காவிரிக்கரை வரை ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தால், இறங்கும்போது காதைத் தேய்த்துக்கொள்வார். கதவு ஒருபக்கம் கடகடவென்று ஆடும். காலுக்குக் கீழே தகரம் அதிரும். பின்சீட்டில் இருப்பவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பெயின்ட் வேலை முடிந்த கையோடு அடுத்து கேட்பது, ‘சவுண்ட் வராத மாதிரி ஷீட் ஒட்டித் தர முடியுமா?’ என்பதுதான். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வெள்ளி நிற ஃபாயில் போட்ட ஷீட் இரண்டே நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பின்னால் இருக்கும் பேப்பரை உரித்து ஒட்ட வேண்டியதுதான். பார்க்க அத்தனை சுலபம். அடித்தகரம் ஓட்டை விழுவதும் பல கார்களில் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மூலமாக வைத்து 1950-களின் கடைசியில் உருவான கார் அது. 2014 மே மாதம் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய அந்த வண்டிக்கு, லாரிக்கு இருப்பதுபோல தனிச் சேஸிஸ் கிடையாது. அடித்தகரம், பக்கவாட்டுப் படிக்கட்டு, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட ஒரே கூடு. பிரீமியர் பத்மினியும் அப்படித்தான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மட்டும் தனிச் சேஸிஸ் உண்டு. அதாவது, அம்பாசிடரிலும் பத்மினியிலும் காலுக்குக் கீழே இருக்கும் தகரம் வெறும் தரை அல்ல. வண்டியின் முதுகெலும்பில் ஒரு பகுதி. சீட் போல்ட் அதில்தான் இறங்குகிறது. அது உளுத்துப்போனால், விபத்தின்போது சீட் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்தத் தகரம் ஏன் உளுத்துப்போகிறது? இங்கேதான் ஒரு வேடிக்கை. பழைய கார்களில் சத்தத்தைக் குறைக்க கம்பெனியிலேயே தார் கலந்த பட்டைகளை அடித்தகரத்தில் ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் சணல் அல்லது கம்பளி மாதிரியான ஒரு விரிப்பு. அதற்கும் மேல் மேட். புதிதாக இருந்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆண்டுகள் ஓட ஓட தார் காய்ந்து, விறைத்து, வெடிப்பு விடும். வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீர் தாருக்கும் தகரத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே இருக்கும் சணல் விரிப்பு ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். வெயில் அடித்தாலும் அங்கே காயாது. சத்தத்தைத் தடுக்க ஒட்டிய பட்டையே துருவுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறது.

துருவுக்கு மூன்று பொருள் போதும்: இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். எடப்பாடி, கொங்கணாபுரம் பக்கம் மழை குறைவுதானே, கடற்கரையும் இல்லையே என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. உப்புச் சுவையுள்ள போர்த் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சி வண்டி கழுவினால், அந்த உப்பு இடுக்குகளில் தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு ரப்பர் வழியே வரும் தண்ணீரும் அதோடு சேர்ந்துகொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மேலே இருக்கும் பெயின்டையும் தாரையும் தானே தூக்கிவிட்டு, இன்னும் தண்ணீர் வர வழி செய்துகொள்ளும். சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகு தயாராவது 1981-லிருந்து. ஆனால் அம்பாசிடருக்குப் போட்டது சாதாரண இரும்புத் தகடுதான். கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதைத் தின்ன துருவுக்கு அதிக காலம் பிடிக்காது.

ஆகவே, புது ஷீட் வாங்கும் முன்னால் கொஞ்சம் பழைய நாளிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். சீட், மேட், விரிப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடித்தகரம் முழுக்கப் பேப்பரை விரியுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே முன் கண்ணாடி ரப்பர், கதவு ஓரம், டிக்கி ஓரம் என்று ஒவ்வொரு இடமாக நிதானமாகத் தண்ணீர் விடட்டும். எந்தப் பேப்பர் நனைகிறதோ, அதற்கு மேலே இருக்கும் ரப்பர்தான் திருடன். இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீர் வரும் அந்த வழியாகத்தான் காற்றுச் சத்தமும் வருகிறது. பழைய வண்டிச் சத்தத்தில் பெரும்பங்கு தேய்ந்த கதவு பீடிங், கிழிந்த எஞ்சின் மவுன்டிங், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் ஒயர் போகும் ஓட்டைகளில் உதிர்ந்துபோன ரப்பர் ஆகியவற்றால்தான். இதையெல்லாம் மாற்றாமல் ஷீட்டை மட்டும் ஒட்டுவது, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஏசி போடுகிற கதை.

அடுத்தது தார் சுரண்டும் வேலை. யாருக்கும் பிடிக்காத வேலை. இதைத் தவிர்ப்பதற்காகவே பழைய தார்மேல் புது ஷீட்டை ஒட்டிவிடுகிறார்கள். சுலபமாக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கி, தார் இளகியதும் சுரண்டுவது. இன்னொன்று நேரெதிர்: குளிர்விப்பது. தார் குளிர்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். உலர் பனிக்கட்டியைத் தார்மேல் பரப்பி, கையுறை போட்டுக்கொண்டு, கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அது கிடைக்காவிட்டால், மார்கழி, தை மாதக் காலைக் குளிரே ஓரளவு உதவும். மீதமிருக்கும் பிசினை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைக்கலாம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். கேஸ் அடுப்பு மாதிரி தீ கக்கும் பர்னரைக் காருக்குள் காட்டுவதும் கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருந்தால் அதையும் இறக்கிவிட வேண்டும். பழைய பட்டைகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நல்ல மாஸ்க் அவசியம்.

தகரம் வெளியே தெரிந்ததும் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து ஓரங்களில் குத்திப் பாருங்கள். குத்து உள்ளே போனால் மனசு கஷ்டப்படும். ஆனால் இப்போது தெரிந்தது நல்லது. ஓட்டை விழுந்த இடத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வது ஒன்றுதான் வழி. ஃபைபர் துணியும் பட்டியும் பூசி மூடினால் பார்வைக்கு வழுவழுவென்று இருக்கும்; பலம் இருக்காது. இந்த விஷயத்தில் எடப்பாடிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பாடி கட்டும் ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. கை தேர்ந்த வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். லாரிக்கு வைக்கிற கனத்த இரும்பு வேறு, கார் தகரம் வேறு. கேஸ் வெல்டிங் சூட்டில் மெல்லிய தகரம் வளைந்து நெளிந்துவிடும். சிஓ2 வெல்டிங்கில், விட்டு விட்டுப் புள்ளி வைத்து இணைப்பவரைத் தேடிப் பிடிப்பது நல்லது.

ஓட்டை இல்லை, மேல்துரு மட்டும்தான் என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ பூசுவார்கள். அதில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமோ, டானிக் அமிலமோ இருக்கும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுப்பாக, நிலையான ஒரு படலமாகிவிடும். நம் வீட்டுக் கடுக்காயில் இருக்கும் துவர்ப்பும் இதே குடும்பம்தான். அந்தக் காலத்தில் கடுக்காயோடு இரும்புச் சத்தைச் சேர்த்து மை தயாரித்ததும் இதே வேதியியல்தான். அதற்காகக் கடுக்காய்த் தண்ணீரைக் காருக்குள் ஊற்ற யாரும் கிளம்பிவிட வேண்டாம். உதிரும் துருவின்மேல் எந்தக் கன்வெர்ட்டரும் நிற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

பிறகு பிரைமர். பட்டறைகளில் வழக்கமாக அடிப்பது ரெட் ஆக்சைடு. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது சரி. ஷீட்டுக்கு அடியில் வருஷக்கணக்கில் மூடிக் கிடக்கப் போகும் தகரத்துக்கு, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எப்பாக்சி பிரைமர்தான் மேல். ஈரத்தை உள்ளே விடாமல் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எப்பாக்சி காய்ந்தபின் வெல்டிங் இணைப்புகளில் சீலர், அதன்மேல் பெயின்ட். எல்லாம் முழுமையாகக் காய டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கைப் பின்பற்ற வேண்டும். ‘முகூர்த்தத்துக்கு வண்டி வேணும்’ என்று அவசரப்படுத்தினால், பெயின்டர் வெட்டுவது இந்தக் காத்திருப்பு நாள்களைத்தான். காயாத பெயின்ட்மேல் ஷீட்டை ஒட்டினால் அடியிலேயே வெந்து உரியும்.

இனிதான் ஷீட். தார் ஷீட் விலை மலிவு. ஆனால் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அடிக்கும் சூட்டில் இளகும், நாறும், கூரையில் ஒட்டியது தொங்கும். பியூட்டைல் ரப்பர் ஷீட் சூடு தாங்கும். வேலை செய்யும் விதம் இதுதான்: தகரம் அதிரும்போது மேலே இருக்கும் அலுமினியத் தாளுக்கும் தகரத்துக்கும் நடுவில் ரப்பர் இழுபடுகிறது, அதிர்வு கொஞ்சம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது. தகரத்தைத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் அங்கே ஷீட் வேண்டும். ‘டொக்’ என்றால் வேண்டாம். அகலமான தகரத்தின் நடுப்பகுதியில் கால்வாசி முதல் பாதி வரை ஒட்டினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். ஓரத்திலிருந்து ஓரம்வரை மூடினால் காசும் கூடும், எடையும் கூடும். இரண்டு மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ வரும். அத்தோடு தகரம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ஷீட் ஒட்டும்போது காற்றுக் குமிழி இல்லாமல் உருளையால் அழுத்த வேண்டும். கதவுக்கு அடியிலும் படிக்கட்டிலும் இருக்கும் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகளை மறந்தும் அடைக்கக் கூடாது. கதவுக் கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற அதுதான் ஒரே வழி. ஷீட்டுக்கு மேல் ஃபோம் போடுவதாக இருந்தால், தண்ணீரில் போட்டுப் பிழிந்து பார்த்து வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு மாதிரி உறிஞ்சினால் வேண்டாம். உறிஞ்சாமல் மிதந்தால் சரி. பிரஷ் எட்டாத படிக்கட்டு உள்பகுதிக்கு மெழுகு ஸ்பிரே இருக்கிறது. பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடித்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது புழுதியைச் சேர்க்கும், ரப்பர் புஷ்களை ஊற வைத்துக் கெடுக்கும். அதைவிட மோசம், துருமேலேயே கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து மறைப்பது.

ஐம்பது வயது தாண்டிய வண்டி என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேலான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்து, எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு வாங்கலாம். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தினசரி ஓட்டத்துக்கு அந்த வண்டியைப் பயன்படுத்த முடியாது. எனவே அடித்தகரத்தை வெட்டி ஒட்டும் முன், அது பழைய அளவிலும் வடிவிலும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

பட்டறையில் வண்டியை விடும்போதே இப்படிச் சொல்லிவிடுங்கள்: “ஷீட்டு ஒட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா கூப்புடுங்ணா, தகரத்தைப் பார்த்துடறேன்.” நேரில் போக முடியாவிட்டால் வெறும் தகரமாக இருக்கும்போது ஒன்று, பிரைமர் அடித்தபின் ஒன்று, ஷீட் ஒட்டியபின் ஒன்று என வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டு வாங்கி, தேதியோடு சேமித்து வையுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து மேட்டைத் தூக்கிப் பார்க்கும்போது, ஒப்பிட அந்தப் படங்கள் தேவைப்படும்.